கருங்குங்கிலியம் எடுக்க மரத்தைக் காயப்படுத்துகிறார்களா?

தூபக்கால்:
கோத்தகிரி போயிருந்தபோது சந்தையில் கருங்குங்கிலியம் என்ற மரப்பிசின் கொஞ்சம் வாங்கினேன். உடைந்த கறுப்புக் கண்ணாடி போலப் பளபளப்பு. வெள்ளிக்கிழமை தணலில் போட்டால் வீடே காடாக மணத்தது. இவ்வளவு நாள் வாங்கிய கப் சாம்பிராணியெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் விற்றவர், "மரத்தைக் கொத்திவிட்டு வந்தால் வடியும், பிறகு போய் எடுப்போம்" என்றார். அப்போதிருந்து சாமிக்குப் புகை போடும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. மரம் செத்துப்போகுமா? வாங்குவதை நிறுத்த வேண்டுமா? இன்னொன்று, எனக்குப் புகை சில நேரம் கரித்துக்கொண்டு வருகிறது. அது கலப்படமா?

மலைக்காரி:
நீலகிரிச் சரிவில் ஒரு சேகரிப்பு மையத்தில் வருடக்கணக்காகக் குங்கிலியத்தைத் தரம் பார்த்து எடை போட்டவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், எல்லாக் கட்டியும் கொத்தி எடுத்தது இல்லை. கிளை ஒடிந்த இடம், பூச்சி துளைத்த இடம் என்று மரமே கசியவிடும். காயத்தை மூடி, பூஞ்சையும் பூச்சியும் உள்ளே வராமல் தடுக்கத்தான் அதற்குப் பிசின். காற்றுப் பட்டதும் இறுகி, பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். குறும்பர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் பெரியவர்கள் அதைச் சுரண்டி எடுப்பதையும், மரத்தடிச் சருகில் விழுந்ததைப் பொறுக்குவதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கும்பிடுக்கும் இதே புகைதான்.

கொத்துவதும் உண்டு. பட்டையில் மட்டும், ஆழமில்லாமல், இடம் விட்டுக் கொத்தி, அடுத்து அந்த மரத்தை ஆறவிட்டால் அது தாங்கும். கத்தி பட்டையைத் தாண்டி உள்மரத்துக்குப் போனால் புண் ஆறாது, அழுகல் பிடிக்கும். இதைவிட மோசம், அடிமரத்தைச் சுற்றி நெருப்பு மூட்டி வடிய வைக்கும் பழைய முறை. பிசின் நிறைய வரும், வாஸ்தவம்தான். ஆனால் அப்படி எடுத்ததை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன். கருகின பட்டைத்துண்டு மூட்டையில் இருந்தால் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும்.

மரம் செத்துப்போகுமா என்று கேட்கிறீர்கள். நின்றுகொண்டே மலடாகிற ஆபத்தும் இருக்கிறது. வேறு மரம்தான், ஆனாலும் சொல்கிறேன். எரித்திரியாவில் குந்திரிக்கம் என்ற வாசனைப் பிசின் தரும் மரங்களை ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. வெட்டுப்படாத மரத்தின் விதைகளில் 80 சதவீதத்துக்கு மேல் முளைத்தன. தொடர்ந்து வெட்டுப்பட்ட மரத்தின் விதைகளில் சுமார் 16 சதவீதம்தான். பிசினுக்கே தன் சத்தைச் செலவழித்த மரத்தால் விதைக்குக் கொடுக்க முடிவதில்லை. நம் மலையில் குங்கிலிய மரத்தின் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது இருவாச்சிப் பறவை. கன்று முளைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மரமும் இல்லை, பறவைக்குத் தீனியும் இல்லை.

அதனால் நிறுத்தாதீர்கள், கேட்டு வாங்குங்கள். யார் எடுத்தது, எந்தப் பக்கத்துக் காடு, அந்த ஊர்க்காரர்களே எடுத்ததா என்று கேளுங்கள். வன உரிமைச் சட்டம், 2006, பிசின் போன்ற சிறு வனப்பொருள்மேல் காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அடுத்த வருடமும் அதே மரத்தடிக்கு வரப்போகிறவர்தான் கையை அளந்து கொத்துவார். குத்தகைக்கு எடுத்து ஒரே பருவத்தில் காசு பார்க்க வந்தவர்கள் கொத்திய மரங்களைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு உயரம் வரை பட்டையே இல்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கலப்படம் இல்லை, நெருப்பு. கொட்டாங்குச்சிக் கரி செக்கச்செவேல் என்று இருக்கும்போது போட்டால் பிசின் தீப்பிடித்துக் கரும்புகை விடும். மேலே சாம்பல் பூத்த பிறகு, மிளகு அளவுக்கு உடைத்துப் போடுங்கள். நல்ல பிசின் முதலில் உருகும், கொப்பளிக்கும், அப்புறம் வெண்புகை எழும். கடைசியில் மண்ணாக நிறைய மிஞ்சினால் அப்போது சந்தேகப்படுங்கள். தூளாக வாங்கவே வாங்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமாக்காரர்களும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் வேண்டாம், எவ்வளவு சுத்தமான பிசினாக இருந்தாலும் புகை புகைதான்.

சலாலாவாசி:
அக்கா சொல்வது இங்கேயும் பொருந்தும். ஓமானில் தோபார் பகுதியில் வேலை பார்க்கிறேன். சலாலாவுக்கு வடக்கே வாதி தவ்காவில் குந்திரிக்க மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கை 2000இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 'மன்கஃப்' என்ற சிறு சுரண்டுகத்தியால் மேல்பட்டையை மட்டும் சீவுவார்கள். பால் போல வடிந்து, மணியாக இறுகும். முதல் சீவலில் வருவதை அவ்வளவாக மதிக்க மாட்டார்கள். சில வாரம் விட்டு அதே இடத்தை மறுபடி சீவி எடுப்பதற்குத்தான் மதிப்பு. விருந்து முடிந்ததும் தணல் போட்ட 'மஜ்மர்' என்ற புகைச்சட்டி ஒவ்வொருவரிடமும் வரும். தாடியிலும் உடையிலும் புகை பிடித்துக்கொண்ட பிறகுதான் விடைபெறுவார்கள்.

ஒரு சந்தேகம் அக்கா, நம் ஊரில் வெள்ளிக்கிழமை மயிலிறகோடு கடை கடையாக பக்கீர் பாவா போடுகிறாரே, அந்தச் சாம்பிராணியும் குங்கிலியமும் ஒன்றா?

மலைக்காரி:
இல்லை தம்பி. சாம்பிராணி என்று நாம் காலங்காலமாக வாங்கியது சுமத்ராவிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே படக் என்ற பழங்குடி மக்கள் அந்த மரத்தை வளர்த்து, பட்டையில் கீறி, மாதக்கணக்கில் காத்திருந்து எடுக்கிறார்கள். கீறாமல் விட்டால் அந்த மரம் பிசினே கொடுக்காது. அதன் மணத்தில் வெனிலா சாயல் இருக்கும். குங்கிலியத்தில் எலுமிச்சையும் பச்சை மரமும் கலந்த வாசனை. இப்போது பாவா கையில் இருப்பது எதுவென்று பார்க்காமல் சொல்ல முடியாது, கடையில் எல்லாவற்றுக்கும் சாம்பிராணி என்றே பெயர்.

தூபக்கால்:
நன்றி அக்கா. சாம்பல் பூக்கவிட்டுப் போட்டேன், கரிப்பு இல்லை. என்னிடம் இருக்கும் கட்டியில் மெல்லிய பட்டை ஒட்டியிருக்கிறது, கருகல் எதுவும் தெரியவில்லை. இது சுரண்டி எடுத்ததாக இருக்குமா?

மலைக்காரி:
பட்டை தாள் போல மெல்லிசாக இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். உள்பக்கம் மரச்சிராய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆழமாகக் கொத்தியிருக்கிறார்கள். அடுத்த முறை அவரிடம் அதைக் காட்டியே கேளுங்கள்.