99.9-க்கும் 99.99-க்கும் வித்தியாசமே இல்லையாம்!

இரவுக்காவலன்:
வெப் ஹோஸ்டிங், அதாவது இணையதளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம், வாங்கும் முன் நிறுவனங்களை எப்படி ஒப்பிடுவது என்று பனித்துளி நேற்றுக் கேட்டிருந்தார். முகில்வண்ணன் சொன்ன பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "அப்டைம், அதாவது தளம் இயங்கும் என்று நிறுவனம் உறுதி தரும் நேரம், 99.9 சதவீதமானாலும் 99.99 ஆனாலும் ஒன்றுதான், விலையைப் பாருங்கள்" என்கிறார். ஒன்றுதானா? முப்பது நாள் மாதத்துக்கு 43,200 நிமிடங்கள். அதில் தளம் நின்றுபோகலாம் என்று விடும் 0.1 சதவீதம் 43 நிமிடம், 0.01 சதவீதம் நான்கு நிமிடம் சொச்சம். பத்து மடங்கு! வகுத்தல் வராதவர்கள் ஆலோசனை சொல்லக் கிளம்பினால் கேட்பவர் கதி என்ன?

முகில்வண்ணன்:
வகுத்தல் எனக்கும் வரும். ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் சின்னத் தளம் வைக்கப்போகிறவருக்கு மாதம் 43 நிமிடம் போனால் குடியா முழுகிவிடும்? நள்ளிரவில் போனால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நான் பார்க்கச் சொன்னது புதுப்பிப்புக் கட்டணத்தை. முதல் ஆண்டு விலையைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அடுத்த ஆண்டு அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவதைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவார்கள். அதை விட்டுவிட்டு நான்கு நிமிடத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

இரவுக்காவலன்:
நள்ளிரவில்தான் போகும் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? 99.9 என்றால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம். காலை ஒன்பதுக்குப் படுத்த சர்வர் மாலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தாலும் ஒப்பந்தப்படி எல்லாம் சரியாகவே இருக்கும். 99.99-இல் ஆண்டுக்கே 53 நிமிடம்கூட முழுதாக வராது. ஒன்றுதானாம்!

எழுத்தாணி:
மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள் ஐயா. பெரும்பாலான ஒப்பந்தங்கள் மாதவாரியாகத்தான் பார்க்கின்றன. ஒரே நாளில் எட்டே முக்கால் மணி நேரம் போனால் அந்த மாதம் 98.8-க்கு இறங்கிவிடும்; உறுதி மீறப்பட்டது என்றுதான் அர்த்தம். முதல் பதிவில் மாதம், இரண்டாவதில் ஆண்டு. எது வசதியோ அது.

இரவுக்காவலன்:
வந்துவிட்டாரா! பேக்கப் பற்றிய விவாதத்திலும் எழுத்தாணி இப்படித்தான் பாதியில் நுழைந்து என் கால்புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மாதமோ ஆண்டோ, பத்து மடங்கு பத்து மடங்குதான்.

எழுத்தாணி:
அந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பனித்துளி:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். தளம் இயங்குகிறது என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இப்போது நான் இருக்கும் நிறுவனத்தின் நிலவரப் பக்கத்தில் எல்லாம் பச்சை. என் தளத்தைத் திறந்தால் 508 என்ற பிழை. கணக்குப் பலகையில், ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை எண்ணும் என்ட்ரி ப்ராசஸ் 20/20 என்று சிவப்பில் நிற்கிறது. இது அந்த 43 நிமிடத்தில் சேருமா, சேராதா?

முகில்வண்ணன்:
பார்த்தீர்களா? 99.9 என்பதெல்லாம் வாசலில் கட்டும் தோரணம் என்று பாதிக்கப்பட்டவரே சொல்கிறார்.

இரவுக்காவலன்:
அவர் இருப்பது 99.9 கொடுக்கும் நிறுவனமாக இருக்கும். நான் சொல்வதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எழுத்தாணி:
508 என்பது அவருடைய கணக்குக்கு ஒதுக்கிய வரம்பு நிரம்பியதால் வருவது. சர்வர் விழுந்ததால் அல்ல. 99.99 தரும் நிறுவனத்திலும் அதே வரம்பு வைத்தால் அதே பிழைதான் வரும். பனித்துளி, ஒப்பிடும்போது பிராசசர், நினைவகம், ஒரே நேரத்தில் எத்தனை ப்ராசஸ், எத்தனை ஐநோடு என்று பாருங்கள். இடம் வரம்பில்லை என்று விளம்பரம் செய்யும் இடங்களிலும் ஐநோடுக்கு, அதாவது கோப்புகளின் எண்ணிக்கைக்கு, வரம்பு இருக்கும்.

இரவுக்காவலன்:
தலைப்பு ஐநோடு பற்றியது அல்ல.

பழம்பெருச்சாளி:
இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தலை நரைத்தவன் நான். உறுதி மீறப்பட்டால் என்ன கிடைக்கும் என்று ஒருவராவது படித்தீர்களா? மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி அடுத்த பில்லில் கழியும். அதுவும் நீங்களே கெடுவுக்குள் எழுதிக் கேட்டால்தான். முன்னறிவித்த பராமரிப்பு நேரம் கணக்கிலேயே வராது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை. அவர்களிடம் போய் 99.9-ஆ 99.99-ஆ என்று கேளுங்கள்.

இரவுக்காவலன்:
தீ விபத்தைக் கொண்டுவந்து திசை திருப்ப வேண்டாம். தினமுமா தீப்பிடிக்கிறது? நான்கு நிமிடமும் 43 நிமிடமும் மாதாமாதம் வரும் கணக்கு.

முகில்வண்ணன்:
ஏன் இவ்வளவு வேகம் என்று இப்போதுதான் புரிகிறது. இரவுக்காவலனின் ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் ஓர் ஹோஸ்டிங் இணைப்பு இருக்கிறதே, அதன் வாலில் தொங்கும் எண் எதற்கு? அதை அழுத்தி வாங்கினால் கமிஷன். அந்த நிறுவனம் என்ன சொல்லி விற்கிறது என்று போய்ப் பாருங்கள்: 99.99.

இரவுக்காவலன்:
கமிஷன் வருகிறது என்று என் அறிமுகப் பக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறேன். ஒளித்து வைக்கவில்லை. நீங்கள் போன ஆண்டு ஒரு நிறுவனத்தைத் தூக்கித் தலையில் வைத்து ஆடினீர்களே, அதற்கு யார் கொடுத்தார்கள்? நான் சும்மா பேசுகிறவன் அல்ல. கண்காணிப்புக் கருவி வைத்து அளக்கிறேன். மாதாமாதம் 99.99 தாண்டுகிறது.

எழுத்தாணி:
அந்தக் கருவி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தைத் தட்டிப் பார்க்கிறது?

இரவுக்காவலன்:
ஐந்து நிமிடம். ஏன்?

எழுத்தாணி:
99.99-க்கு மாதம் முழுவதற்கும் அனுமதியே நான்கு நிமிடம் சொச்சம். இரண்டு தட்டலுக்கு நடுவே அது முழுதும் போய்த் திரும்பி வந்தாலும் உங்கள் கருவிக்குத் தெரியாது. தட்டும்போது கிடைப்பதும் கேஷில், அதாவது முன்பே சேமித்த நகலாக, இருக்கும் முகப்புப் பக்கம். பின்னால் டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் அது 'நலம்' என்றுதான் சொல்லும். எதை அளந்தீர்கள்?

இரவுக்காவலன்:
கருவியைக் குறை சொல்வது எளிது. ஒரு நிமிட இடைவெளியில் அளந்தாலும் பத்து மடங்கு பத்து மடங்குதான். 43 பெரிதா, நான்கு பெரிதா? இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல ஒருவரைக் காணோம்.

பழம்பெருச்சாளி:
பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் தூங்கப் போகிறேன்.

பனித்துளி:
நான் கேட்டதற்கு எழுத்தாணி சொன்னது பாதி புரிந்தது. அப்படியானால் நான் விபிஎஸ்-க்கு, அதாவது எனக்கென்று தனி வளங்கள் ஒதுக்கிய மெய்நிகர் சர்வருக்கு, போக வேண்டுமா, அல்லது இதே இடத்தில் பெரிய திட்டத்துக்கு மாறினால் போதுமா?

இரவுக்காவலன்:
முதலில் 99.99 இருக்கிறதா என்று கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. நாளை நானே ஓர் அட்டவணை போடுகிறேன். எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

முகில்வண்ணன்:
அதில் புதுப்பிப்புக் கட்டணத்துக்கு ஒரு கட்டம் இருக்குமா?

இரவுக்காவலன்:
இடம் இருந்தால் பார்க்கலாம். அப்டைமுக்கே நான்கு கட்டம் வருகிறது.