மகளின் இரண்டாவது கணக்கு: மூடச் சொல்வதா, விட்டுவைப்பதா?

கார்த்திகைப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. சென்ற ஆண்டு எங்கள் சம்மதத்துடன் ஒரு படப்பகிர்வுத் தளத்தில் கணக்குத் தொடங்கினாள். நானும் அவள் தந்தையும், சித்தி, அத்தை, ஆசிரியர்கள் இருவர், உடன் படிப்பவர்கள் என்று நானூறு பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு படங்கள்தான் போடுவாள்; எல்லாவற்றிலும் சிரித்த முகமாகவே இருப்பாள்.

போன வாரம் அவளுடைய கைபேசியில் வந்த ஓர் அறிவிப்பால், வேறொரு பெயரில் அவளுக்கு இன்னொரு கணக்கும் இருப்பது தெரியவந்தது. அதில் பதினொரு பேர் மட்டுமே இருக்கிறார்கள். நான் திறந்து பார்த்துவிட்டேன். மதிப்பெண் குறைந்த நாளில் அழுது வீங்கிய முகம், ஒரு தோழியின் மேல் உள்ள கோபம், 'நான் யாரென்றே எனக்குத் தெரியவில்லை' என்று நள்ளிரவில் எழுதிய ஒரு வரி என்று, என்னிடம் அவள் ஒருபோதும் சொல்லாதவை எல்லாம் அங்கே இருந்தன.

இந்த இருவரில் என் மகள் யார் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. பிறந்தநாள் படத்துக்கு மூன்று தோழிகள் விருப்பக்குறி இடவில்லை என்பதற்காக அன்றிரவு சாப்பிடாமலே படுத்துக்கொண்டவள் அவள். இப்படிப்பட்ட உறவை நட்பென்று சொல்ல முடியுமா என்பதும் எனக்குப் புரியவில்லை. இரண்டாவது கணக்கை உடனே மூடச் சொல்ல வேண்டும் என்கிறார் அவள் தந்தை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

தெளிநீர் எழுதியது:

வணக்கம் சகோதரி. பதின்வயதினருக்கு ஆலோசனை வழங்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தயவுசெய்து அந்தக் கணக்கை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் மூன்றாவதாக ஒன்று தொடங்கப்படும். அது உங்கள் கண்ணில் படவே படாது.

இருவருமே உங்கள் மகள்தான். தாத்தாவிடம் ஒரு குரலிலும், ஆசிரியரிடம் ஒரு குரலிலும், உயிர்த்தோழியிடம் வேறொரு குரலிலும் நாம் பேசி வளர்ந்தோம். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை, ஏனென்றால் அந்த மூவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் நின்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மனிதர்கள் பிறர் முன்னிலையில் ஒரு மேடையிலும், தம்மவரிடையே மேடைக்குப் பின்புறத்திலும் வாழ்கிறார்கள் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1950களிலேயே விளக்கினார். சமூக வலைத்தளம் அத்தையையும் ஆசிரியரையும் தோழியையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துவிட்டது. அத்தனை பேருக்கும் பொருந்தக்கூடிய முகம் ஒன்றுதான் இருக்க முடியும். அதுதான் நீங்கள் பார்த்துவந்த அந்தச் சிரித்த முகம். இவ்வாறு சிறுவட்டத்துக்கென்று வைத்துக்கொள்ளும் இரண்டாவது கணக்குக்கு 'ஃபின்ஸ்டா' என்று பிள்ளைகளிடையே ஒரு பெயரே உண்டு. இன்ஸ்டாகிராம் தானே 2018இல் 'நெருங்கிய நண்பர்கள்' என்ற பட்டியல் வசதியைக் கொண்டுவந்தது. ஒரே கூடம் போதவில்லை என்பது நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நள்ளிரவு வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'நான் யார்' என்பதே வளரிளம் பருவத்தின் மையக் கேள்வி என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். பல வேடங்களை அணிந்து பார்த்துக் கழற்றிவைக்க இந்த வயதினருக்கு ஓர் அவகாசம் வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே அந்த வரி மட்டும் என்னை அச்சுறுத்தவில்லை. ஆனால் தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், உணவு குறைந்தால், பிடித்தமானவற்றிலிருந்து விலகினால், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றி ஒரு சொல் தென்பட்டால், மன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் திறந்து பார்த்ததை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அவளாகவே கண்டுபிடித்தால், அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள்.

---

இளவெயில் எழுதியது:

எனக்கு 19 வயதாகிறது. 15 வயதில் எனக்கும் இப்படி ஒரு கணக்கு இருந்தது; அதில் ஒன்பது பேர். வீட்டில் சண்டை நடந்த இரவுகளில் என்னைத் தாங்கிப்பிடித்தவர்கள் அவர்கள்தான். ஆகவே இது நட்பா என்று கேட்டால், ஆம் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு முழுவதற்கும் அனுப்பியதும் உண்மை. எங்களுக்குள் ஒரு சிறு மனத்தாங்கல் வந்ததே காரணம். பள்ளிக்குப் போகவே கூசிய நாட்கள் அவை. அப்போது அம்மா, 'அதையெல்லாம் ஏன் எழுதினாய்' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு வாரம் இரவில் என்னருகே படுத்துக்கொண்டார். அம்மாவிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

விருப்பக்குறியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. பெரியவர்கள் நாங்கள் எண்ணிக்கைக்கு ஏங்குவதாக நினைக்கிறார்கள். நாங்கள் அந்தப் பட்டியலைத் திறந்து, யாருடைய பெயர் அதில் இல்லை என்றுதான் தேடுவோம். உங்கள் மகள் அன்று பட்டினி கிடந்தது அந்த மூன்று பெயர்களுக்காக. அவர்களுக்கும் அவளுக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

---

படித்துறை எழுதியது:

மென்பொருள் துறையில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளின் தந்தை. தெளிநீர் அவர்களின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. அந்த இரண்டாவது கணக்கை மேடையின் பின்புறம் என்று அவர் எடுத்துக்கொள்வது சரியில்லை. மேடைக்குப் பின்னால் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். இங்கே எழுதியது ஒரு நிறுவனத்தின் கணினியில் பதிவாகி, படியெடுக்கவும் பரப்பவும் ஏற்றதாகக் கிடக்கிறது. இளவெயிலுக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே கணக்கு இருக்கட்டும், ஆனால் அந்தப் பதினொரு பேர் யார் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களில் நேரில் அறியாதவர் எவரேனும் உண்டா என்பதையே முதலில் கேட்பேன்.

நானூறு நண்பர்கள் என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒருவர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று மானுடவியலாளர் ராபின் டன்பர் 1990களில் கணித்தார். அதற்குள் மிக நெருக்கமானவர்கள் ஐந்து பேர், அடுத்த வட்டத்தையும் சேர்த்தால் பதினைந்து பேர் என்பது அவர் கணக்கு. உங்கள் மகள் தேர்ந்த பதினொரு பேர் அந்த அளவுக்குள்தான் வருகிறார்கள். தளம் எல்லோரையும் 'நண்பர்' என்று ஒரே சொல்லால் அழைத்தாலும், பிள்ளை தன் மனத்துக்குள் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறாள்.

விருப்பக்குறியின் ஈர்ப்பு கற்பனையன்று. கலிஃபோர்னியாவில் பதின்வயதினரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், தம் படங்களுக்கு நிறைய விருப்பக்குறிகள் விழுந்திருப்பதாகக் கண்டபோது, வெகுமதியை உணரும் பகுதிகள் கூடுதலாக இயங்கியது தெரிந்தது. 2021 முதல் இன்ஸ்டாகிராமில் அந்த எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளலாம். வேறு தளங்களிலும் அமைப்புகள் பகுதியில் இத்தகைய வசதி உண்டா என்று பாருங்கள். இளவெயில் சொன்ன அந்தப் பெயர்த் தேடலை இது நிறுத்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வயதைப் பற்றியும் ஒரு செய்தி. பல தளங்கள் வைத்திருக்கும் 13 வயது என்ற வரம்பு, குழந்தைகளின் தகவல்களைத் திரட்டுவது குறித்து அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டத்திலிருந்து வந்தது. மனப்பக்குவத்தை அளந்து வைத்த எண் அன்று. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் அதை 16 ஆக்கியிருக்கிறது. என் பார்வையில், 16 ஆனபின்பும் இதே கேள்விகள் வரத்தான் செய்யும்.

---

கார்த்திகைப்பூ எழுதியது:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. நேற்று இரவு, பார்த்துவிட்டேன் என்பதை அவளிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே வந்து, எதையெல்லாம் படித்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் ஒளிக்காமல் சொன்னேன். அந்த மூன்று பெயர்களைக் கேட்டதும்தான் அழுதாள். நடு இரவு வரை பேசினோம்.

பதினொரு பேரில் பத்துப் பேர் உடன் படிப்பவர்கள். ஓவியம் வரைபவர்களுக்கான ஒரு குழுவில் பழக்கமான பெண் ஒருத்தியை மட்டும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் அமர்ந்து அந்தப் பெண்ணுடன் காணொளியில் பேசுவதாக முடிவு செய்திருக்கிறோம். கணக்கை மூடும் பேச்சை அவள் தந்தை அதுவரை தள்ளிவைத்திருக்கிறார்.