முதல் எம்மி விருது ஒரு சைகை விளையாட்டுக்கா?

கறுப்புவெள்ளை:
1949 ஜனவரியில் ஹாலிவுட்டில் நடந்த, அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியின் முதல் விழாவில் 'மிகப் பிரபலமான தொலைக்காட்சி நிகழ்ச்சி' விருதை வாங்கியது 'பேன்டோமைம் குவிஸ்'. நடத்தியவர் மைக் ஸ்டோக்கி. இரண்டு அணி, ஒவ்வொன்றிலும் நாலு பேர். ஒருவர் வாயைத் திறக்காமல் நடிக்க, மற்றவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் வாசகத்தைச் சொல்லிவிட வேண்டும். நாம் கல்லூரியில் ஆடிய டம்ப் ஷராட்ஸேதான். இதற்குப் போய் விருதா என்று சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

ரிமோட்ராணி:
நான் சிரிப்பேன் சார். அந்த வருடம் லாஸ் ஏஞ்சலிஸ் நிலையங்களின் நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான் எம்மி. நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் போட்டுக்கொண்டிருந்த கூத்து கணக்கிலேயே வரவில்லை. தெருமுனைப் போட்டியில் வாங்கிய கோப்பை இது!

கறுப்புவெள்ளை:
போட்டி சின்னது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். வாசகங்களை அனுப்பியது நேயர்கள். அனுப்பியவருக்குப் பரிசு உண்டு, நட்சத்திரங்கள் திணறித் தோற்றால் இன்னும் பெரிய பரிசு. அப்படியென்றால் வீட்டில் இருப்பவர் எதை அனுப்புவார்? கேட்டாலே தலை சுற்றும் சிலேடையாகப் பார்த்துத்தான் அனுப்புவார். ஹான்ஸ் கான்ரீட் மாதிரி குரலை வைத்தே பிழைத்த நடிகரை வாயை மூடிக்கொண்டு அதை நடிக்கச் சொன்னால் வேடிக்கைக்குக் கேட்கவா வேண்டும்?

ஆன்டெனா:
செலவைப் பற்றி யாருமே பேசவில்லையே. பெரிய செட் வேண்டாம், கதை வசனம் வேண்டாம். அதனால்தான் 1950களில் கோடை விடுமுறையில் காலியாகும் நேரத்தை நிரப்ப இதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சிபிஎஸ், என்பிசி, ஏபிசி, டூமான்ட் என்று அமெரிக்காவின் நாலு தொலைக்காட்சி வலையமைப்பிலும் ஓடியிருக்கிறது.

ரிமோட்ராணி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நாலு வீட்டிலும் விருந்தாளி, ஒரு வீட்டிலும் நிரந்தர இடம் இல்லை.

கறுப்புவெள்ளை:
விருந்தாளியை யாரும் திரும்பத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள் ராணி. அப்புறம், 1950களின் கடைசியில் அங்கே ஆடியவர்களில் கரோல் பர்னெட், டிக் வான் டைக் இரண்டு பேரும் உண்டு. உடம்பாலேயே சிரிக்க வைக்கும் கலையில் அந்தத் தலைமுறையின் பெரிய பெயர்கள்.

ரிமோட்ராணி:
வான் டைக் அங்கே வந்தா கற்றுக்கொண்டார்? 1940களிலேயே கூட்டாளி ஒருவரோடு 'மெர்ரி மியூட்ஸ்' என்ற பெயரில் ஊர் ஊராக இசைத்தட்டுக்கு வாயசைத்து நடித்தவர் அவர். ஆள் ஏற்கெனவே தயார். நிகழ்ச்சிக்கு இதில் என்ன பெருமை?

கறுப்புவெள்ளை:
தயாரான ஆளுக்குக் கோமாளித்தனம் செய்ய கேமரா முன்னால் இடம் வேண்டாமா? அந்த இடத்தைக் கொடுத்தார்களே.

ஆன்டெனா:
இந்த ஒரு விஷயத்தில் சார் பக்கம். ஆனால் 1962இல் இதையே 'ஸ்டம்ப் த ஸ்டார்ஸ்' என்று பெயர் மாற்றி சிபிஎஸ் கொண்டுவந்தபோது ஒரு வருடம்தான் தாங்கியது. முதலில் நடிகர் பேட் ஹாரிங்டனை நடத்த வைத்தார்கள், சில மாதத்திலேயே மறுபடியும் ஸ்டோக்கி வந்தார். அவர் வந்தும் காப்பாற்ற முடியவில்லை.

கறுப்புவெள்ளை:
ஆட்டத்தின் மேல் குற்றம் என்றால் பிரிட்டனில் 'கிவ் அஸ் எ க்ளூ' 1979இல் தொடங்கி 1990கள் வரை எப்படி ஓடியது? அதுவும் இதே சைகை ஆட்டம்தானே.

ரிமோட்ராணி:
அங்கே ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி. லயனல் பிளேர், யூனா ஸ்டப்ஸ் இரண்டு தலைவர்களும் நடனம் தெரிந்தவர்கள். ஜோடி அமைந்துவிட்டது, ஓடியது. அதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வருகிறேன். 1949 எம்மிக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.