பசளை நின்ற ஆண்டும் எண்ணெய் நின்ற ஆண்டும்: மலையகக் கலப்புப் பண்ணை அனுபவங்கள்

கந்தப்பளை, மரக்கறியும் கறவை மாடும்:

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதும், பட்டியில் மாடு இருந்தால் தப்பிக்கலாம் என்ற பேச்சு எங்கும் இருந்தது. கணக்குப் போட்டால் அது நிற்காது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். பச்சைச் சாணத்தில் நூற்றுக்கு அரைப் பங்குதான். ஒரு மூட்டைக்கு ஈடாக நாலரை தொன் சாணம் வேண்டும். பசு ஒன்று நாளைக்கு 15 முதல் 20 கிலோ போடும். இரண்டு மாட்டுச் சாணத்தை நாலைந்து மாதம் சேர்த்தால் ஒரு மூட்டை. அதிலும் அந்தப் போகப் பயிர் எடுப்பது ஒரு பகுதியைத்தான்.

மாடு கழிக்கும் நைதரசனில் பாதிக்குக் கிட்ட மூத்திரத்தில் இருக்கிறது. அதை மண்ணுக்குள் விட்டுவிடுவதுதான் பெரிய நட்டம். பட்டித் தரையைச் சிமெந்து போட்டு, 2 மீற்றருக்கு 4 அல்லது 5 சென்ரிமீற்றர் சரிவு வைத்து, காணால் மூடியுள்ள பீப்பாய்க்குக் கொண்டுபோங்கள். ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து வேர்ப்பக்கம் ஊற்றலாம். இலையில் பட்டால் கருகும்.

அந்த ஆண்டு கூட்டெரு போட்ட பாத்திகள் பல வெளுத்ததற்குக் காரணம், எரு மக்காதது. மானாப்புல்லும் மரத்தூளும் அரைகுறையாக மக்கினால், மண்ணில் இருக்கும் நைதரசனையும் நுண்ணுயிர் இழுத்துக்கொள்ளும். அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். பச்சைச் சாணமோ வேறு விதமாகக் கெடுக்கும்: கரட் கிழங்கு கவையாகப் பிளந்துபோகும். குவியல் ஒரு மீற்றர் உயரத்துக்குக் குறைந்தால் இந்தக் குளிரில் சூடேறாது. நடுவில் இரும்புக் கம்பி செருகி ஐந்து நிமிடம் விட்டு இழுங்கள், கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். ஒரு பிடி பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி, அதுதான் சரியான ஈரம். மழைக்கு மூடாவிட்டால் சத்தெல்லாம் வடிந்துபோகும். டொலமைட்டை (மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புக் கல் தூள்) எருவோடு கலக்காதீர்கள், அமோனியா பறந்துவிடும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தனியாக மண்ணில் போடுங்கள்.

வெலிமடை, உருளைக்கிழங்கு:

கந்தப்பளை அண்ணன் சொன்ன கணக்கு சரி. எங்கள் பக்கம் பசளையைவிட வெளிறல் நோய்தான் (இலை கருகி அழுகும் நோய்) அடித்தது, மருந்தும் வராததால். மயில்துத்தம் (செம்பு சல்பேற்று) கிடைத்தவர்கள் போர்டோக் கலவைக்குப் போனார்கள். 10 லீற்றருக்கு 100 கிராம் துத்தம், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. இரண்டையும் வேறு வேறு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீருக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான ஆணியை ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதாது, இலை எரியும். அன்றன்றே அடிக்க வேண்டும். நோய் வந்த பிறகு அடித்துப் பயனில்லை, பனிமூட்டமும் தூறலும் தொடங்கும்போதே இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கணும். செம்பு மண்ணிலேயே தங்கும், ஆகையால் வாராவாரம் வேண்டாம்.

ராகலை, மாட்டுத் தீனி பற்றி:

2022இல் தீனி மூட்டை விலை ஏறியதும், விற்க முடியாத மரக்கறியை மாட்டுக்குக் கொட்டியதைப் பல இடத்தில் காண முடிந்தது. கரட் தழை நல்லது. கோவா இலையைப் பால் கறந்த பிறகு, புல்லோடு கொஞ்சமாகப் போடுங்கள்; வெறுவயிற்றில் நிறையத் தின்றால் வயிறு ஊதும். லீக்ஸ் வேண்டவே வேண்டாம். பாலில் மணம் ஏறுவது மட்டுமல்ல, கூடுதலாகத் தின்றால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மூத்திரம் சிவப்பாகப் போகும். பச்சையேறிய கிழங்கும் முளையும் நஞ்சு. மருந்தடித்த தழையை, மருந்துப் போத்தலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் முடியுமட்டும் தொடாதீர்கள். மூட்டைத் தீனியை ஒரேயடியாக நிறுத்தாமல், பத்து நாளில் படிப்படியாகக் குறைத்தால் மாடு அதிகம் வாடாது.

கந்தப்பளை:

ராகலைத் தம்பி, லீக்ஸ் பற்றிச் சொன்னது நிறையப் பேருக்குத் தெரியாது, நல்ல வேளை எழுதினீர்கள்.

பண்டாரவளை, தண்ணீர்:

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. பம்பை நம்பிய தோட்டம் எல்லாம் திணறியது. மேலே ஊற்று இருந்தால் குழாய் இறக்குங்கள்: 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம், சிறிய தெளிப்பானுக்கு 15 முதல் 20 மீற்றர் இறக்கம் போதும். குழாய் நடுவில் எங்கும் மேடேறக் கூடாது, காற்று அடைத்துத் தண்ணீர் நின்றுவிடும். மேடு தவிர்க்க முடியாவிட்டால் உச்சியில் காற்று வெளியேற வால்வு போடுங்கள். ஊற்றுவாயில் வலைக்கூடை கட்டி, கீழே மண் படியச் சின்னத் தொட்டி வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை அதைத் திறந்து கழுவிவிடணும்.