நாய்க்கு அரிப்பு: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

குடமுருட்டிக்கரை:

மூன்று மாதம் என் நாயை வாய்க்கு ருசியில்லாமல் வாட்டிவிட்டேன், அது மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். திருவையாற்றுக்குப் பக்கம். நாட்டு நாய், பெயர் மணி, ஆறு வயது. குறுவை அறுப்பு முடிந்த கையோடு ஆரம்பித்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் திண்ணையில் தட் தட் என்று சத்தம் கேட்கும், பின்னங்காலால் சொறியும்போது கால் முட்டி தரையில் இடிக்கிற சத்தம் அது. வாலடியில் முடியெல்லாம் போய், இடுப்புக்கு மேலே கடித்துக் கடித்துத் தோல் சிவந்து கசிந்துகொண்டே இருக்கும்.

அம்மா பார்த்துவிட்டு, உடம்புச் சூடு, கவிச்சி கொடுக்காதே என்றார். நானும் நம்பினேன். மீன், கறி, முட்டை எல்லாம் நிறுத்தி வெறும் மோர்சாதம். கொல்லையில் மீன் கழுவும்போது மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், கிட்டே வராது, கேட்காது. அரிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

கடைசியில் டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டரம்மா முடியை எதிர்ப்பக்கமாகக் கோதினார், மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக என்னவோ உதிர்ந்தது. அழுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதை ஈரப் பஞ்சில் தட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்மண் கரைந்தாற்போல் சிவப்பாகப் படர்ந்தது. தெள்ளுப்பூச்சியின் எச்சம் அது, உள்ளே இருப்பது உங்கள் நாயின் ரத்தம் என்றார். ஒரு பூச்சிகூட என் கண்ணில் பட்டதில்லையே என்றேன். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதுமாம், கடிக்கும்போது பூச்சி விடும் எச்சில்தான் காரணம், நாயே நக்கியும் கடித்தும் பூச்சியை விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படாது என்றார். மூன்று மாதம் சோற்றின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எழுதுங்கள்.

மன்னை வடகரை:

அண்ணா, உங்களுடையது மோர்சாதத்தோடு போயிற்று. எங்கள் வீட்டில் கழிவு ஆயில்.

டிராக்டரில் இருந்து இறக்கிய கறுப்பு ஆயில். சொறிக்கு அதைத் தடவினால் மூன்று நாளில் உதிர்ந்துவிடும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள், ஊரில் எல்லோரும் செய்வதுதானே. முதல் நாள் தடவியபோது கருப்பன் துள்ளவில்லை. எண்ணெய் பட்டதும் எரிச்சல் அடங்கினாற்போல் இருந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இரண்டாம் நாள் நான் டப்பாவை எடுத்ததும் அவனாகவே வந்து தலையைக் குனிந்து காட்டினான். அந்தத் தலை குனிந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உடம்பு முழுக்கப் பூசினேன். ராத்திரி முழுக்க நக்கியிருக்கிறான். காலையில் வாந்தி, வாயெல்லாம் நுரை, அப்புறம் மூச்சு இழுத்தது. எண்ணெய் நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நான்காம் நாள் போய்விட்டான்.

கருப்பன் சொறியால் சாகவில்லை. ஆயிலால்தான் செத்தான்.

அரசலாற்றுப் பெரியவர்:

தம்பி, வருத்தமான விஷயம்தான். ஆனால் நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன், மாட்டுக்கும் நாய்க்கும் எண்ணெய்தான் மருந்து, எத்தனையோ நாய் தேறியிருக்கிறது. எங்கள் வீட்டிலேயே ஒரு செவலை நாய் முதுகில் ஒரு முடி இல்லாமல் இருந்து, வேப்பெண்ணெயில் மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துக் கலந்து பூசி, இரண்டு மாதத்தில் பளபளவென்று ஆயிற்று. கழிவு ஆயில் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நாட்டு மருந்தையே தள்ளிவிடாதீர்கள். எண்ணெய் தடவினால் கழுத்தைச் சுற்றிக் காகித அட்டை கட்டி நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் பூசி, அரை மணி கழித்துச் சீயக்காய் போட்டு அலம்பிவிட வேண்டும். புண்ணாகிப் போன இடத்தில் பூசக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் நின்று பாசி கட்டியிருக்கிற நாளில் அங்கே குளிப்பாட்டாதீர்கள். வைக்கோல் போருக்கு அடியில் படுக்க விடாதீர்கள். சோற்றில் உப்பைக் குறையுங்கள். படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை வெயிலில் போடுங்கள், பழைய சாக்கு என்றால் எரித்தே விடுங்கள்.

மருந்துக்கடைத் தம்பி:

ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் செவலை தேறியது வேப்பெண்ணெயால்தானா என்று எனக்குச் சந்தேகம். குட்டிகளுக்கு வரும் ஒரு வகைச் சொறி, டெமோடெக்ஸ் என்பார்கள், முடி வேருக்குள்ளேயே இருக்கும் பூச்சியால் வருவது. கண்ணைச் சுற்றி, வாய் ஓரத்தில், முன்னங்காலில் திட்டுத் திட்டாக முடி போகும், பெரும்பாலும் அரிப்பே இருக்காது. இரண்டு மூன்று திட்டோடு நின்றால் பல குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வளர்ந்ததும் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் எதைப் பூசியிருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். முதுகு முழுக்கப் போயிருந்தது என்கிறீர்கள், அது எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பிளேடால் லேசாக ரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தால்தான் தெரியும்.

என் விஷயம் வேறு. கால்நடை மருந்துக் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். ஒருவர் வந்து சொறிக்கு ஊசி கேட்டார், ஐவர்மெக்டின் கொடுத்தோம். மாட்டுக்கானது, 1 மில்லியில் 10 மில்லிகிராம், 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்பதுதான் கணக்கு. எந்த மிருகத்துக்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் துண்டில் சுற்றி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார், மூன்று கிலோகூட இருக்காது, முழுதாக 1 மில்லி போட்டிருக்கிறார். தரையில் விட்டதும் அது நேராக நடந்து சுவரில் மோதியது. திரும்பி மறுபடி மோதியது. கண்ணின் பாப்பா இரண்டும் விரிந்து முழுக்கக் கறுப்பாக இருந்தது, பார்வை இல்லை. டாக்டரிடம் ஓடினோம், பிழைத்தது, ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு யார் கேட்டாலும் எதற்கு, எத்தனை கிலோ என்று கேட்காமல் நான் கொடுத்ததில்லை.

கோலி என்ற மேய்ப்பு வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுவிலேயே ஒரு குறை உண்டு, இந்த மருந்து மூளைக்குள் போய்விடும், சொறிக்குக் கொடுக்கிற அளவே அவற்றுக்கு ஆபத்து. கலப்பினம் என்றால் அந்த ரத்தம் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. இப்போது ஃப்ளூராலனர் மாத்திரை இருக்கிறது, ஒரு மாத்திரை 12 வாரம் தெள்ளையும் உண்ணியையும் பார்த்துக்கொள்ளும், சொறிப் பூச்சிக்கும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். விலை அதிகம்தான். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். நம் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அங்கே காட்டுங்கள். பிளேடில் சுரண்டிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

உப்பளத்துக்காரி:

ஆயிலா வேப்பெண்ணெயா என்று நீங்கள் பேசிக்கொண்டிருங்கள், எனக்கு என் மகன் வயிறுதான் நினைவுக்கு வருகிறது.

வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா அடித்து, தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்டு இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கிருந்தோ ஒரு குட்டி வந்து சேர்ந்தது. எலும்பும் தோலுமாக, காது ஓரமெல்லாம் சாம்பல் அப்பினாற்போல் செதில். மகன் விடவில்லை, இரவில் கட்டிக்கொண்டு படுத்தான். இரண்டு வாரத்தில் அவனுக்கு வயிற்றிலும் முன்னங்கையிலும் சின்னச் சின்னதாகச் சிவப்புப் பொரி, அப்புறம் எனக்கும். குட்டியைத் துரத்திவிடு என்று மாமியார் தினமும் சொன்னார்.

டாக்டர் குட்டியின் காது நுனியை மடித்து இரண்டு விரலால் தேய்த்தார். தேய்த்த உடனே பின்னங்கால் தானாகவே காற்றில் சொறிய ஆரம்பித்தது, விட்டதும் நின்றது, மறுபடி தேய்த்ததும் மறுபடி ஆடியது. இது பெரும்பாலும் சார்கோப்டெஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறிதான், சுரண்டிப் பார்த்தாலும் பல நேரம் பூச்சி கிடைக்காது, அதனால் மருந்தே கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். நாய்ச் சொறிப் பூச்சி மனிதத் தோலில் பெருகி நிலைக்காது, நாய் தேறினால் உங்களுக்கும் அடங்கிவிடும் என்று சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்தது. எங்கள் பெரிய நாய்க்கும் சேர்த்து மருந்து, அதற்கு அரிப்பே இல்லாவிட்டாலும். பாய், போர்வை எல்லாம் வெந்நீரில். பொங்கலுக்குள் குட்டிக்கு முடி வந்துவிட்டது. ஏழு வருடமாக எங்களோடுதான் இருக்கிறது, மாமியார் காலடியில்தான் படுக்கும்.

குடந்தை மேற்கு:

எல்லோரும் பூச்சியைப் பற்றியே எழுதுகிறீர்கள். எங்கள் லேப்ரடாருக்குப் பூச்சியே இல்லை, அப்புறமும் மூன்று வருடம் சொறிந்தது.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தால் அவளைப் பிடிக்க முடியாது, தினமும் நீச்சல். ஐப்பசி அடைமழையில் காதுக்குள் ஊறிப்போய்ப் புளித்த மாவு வாடை வரும், பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கு வெள்ளை முடியெல்லாம் துருப்பிடித்த நிறம். ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் ஒரு ஊசி போடுவார்கள், மறுநாளே அரிப்பு நின்றுவிடும், தெய்வம் மாதிரி நினைத்தோம். இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். திரும்ப ஊசி. என்ன ஊசி என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. வாளித் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பாள். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் படுத்த இடத்திலேயே சிறுநீர் போயிருக்கிறது. சுத்தமான நாய். தலையைத் தூக்கி என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் திட்டவே இல்லை.

அது ஸ்டீராய்டு. தண்ணீர்த் தாகமும் சிறுநீரும் அதனால்தான் என்று வேறொரு டாக்டர் விளக்கினார். சட்டென்று நிறுத்தவும் கூடாது, மாத்திரையாக மாற்றிப் படிப்படியாகத்தான் குறைத்தார். காதிலிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் எடுத்து ஸ்லைடில் சாயம் போட்டுப் பார்த்தார்: ஈஸ்ட் என்ற பூஞ்சை, மலசீசியா என்று பெயர். அதற்கும் அடியில் வேறொன்று இருக்கிறது என்றார். தூசிப் பூச்சி, மகரந்தம் போன்றவற்றுக்கு ஒவ்வாமை, அதனால் தோல் தளர்ந்து, ஈரம் சேர்ந்ததும் ஈஸ்ட் பெருகுகிறது. உணவு ஒவ்வாமையா என்று பார்க்க எட்டு வாரம் இதுவரை தின்றறியாத ஒரே இறைச்சி மட்டும் கொடுத்துப் பார்த்தோம், வேறு ஒன்றும் வாயில் படாமல். மாறவில்லை, ஆக உணவு இல்லை. (குடமுருட்டிக்கரை அண்ணா, எல்லாவற்றையும் நிறுத்துவது வேறு, இந்தச் சோதனை வேறு.)

இப்போது வாரம் இரண்டு குளியல், குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பு, நுரையோடு பத்து நிமிடம் நிற்க வைக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் வைத்தியமே, உடனே அலம்பினால் பயனில்லை. நம் சோப்பு வேண்டாம், நாயின் தோலுக்கு அது ஒத்துவராது. ஆற்றிலிருந்து வந்ததும் காதையும் விரலிடுக்கையும் துணியால் துடைத்துவிடுகிறேன். முழுக்கக் குணமாகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் கொஞ்சம் நக்குவாள். ராத்திரி தூங்குகிறாள், நாங்களும் தூங்குகிறோம்.

மன்னை வடகரை:

பெரியவரே, அட்டை கட்டச் சொன்னீர்கள். அதை யாராவது எனக்கு அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா தெரியவில்லை. இந்த ஊரில் ஆயில் டப்பா எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கிறது, யார் கேட்டாலும் சும்மாவே கொடுப்பார்கள். போன வாரம் ஒரு பையன் வந்து நின்றான். டப்பாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவனையும் நாயையும் என் வண்டியிலேயே ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய் விட்டேன்.

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன சாக்கு விஷயம் உண்மைதான், டாக்டரும் அதையேதான் சொன்னார். நாயின் மேல் இருப்பது கொஞ்சம், முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் திண்ணை இடுக்கிலும் சாக்கிலும்தான் கிடக்கின்றன, கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். மாத்திரை கொடுத்த பிறகும் புதிதாகப் பூச்சி வந்தால் பயப்படாதீர்கள் என்றார், அதற்காகத்தான் தொடர்ந்து கொடுக்க வேண்டுமாம். திண்ணை வெடிப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டேன். பழைய சாக்குகள் போயிற்று. வீட்டுப் பூனைக்குத் தனி மருந்து.

வாலடியில் மெல்லிய முடி தெரிகிறது. நேற்று கெண்டை வாங்கி, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து வைத்தேன். மணி முதலில் என் முகத்தைத்தான் பார்த்தது. சாப்பிடு என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வாயை வைத்தது.