240 இசட்ல எல்28 இன்ஜின்: பி79 ஹெட்ட தூக்கிட்டு என்42 போடலாமா, இல்ல பழைய இ88 போதுமா?

ஃபீனிக்ஸ்_இசட்:
வணக்கம் நண்பர்களே. நான் அரிசோனால இருக்கேன், கைல இருக்கறது 1972 டட்சன் 240 இசட். ஒரிஜினல் எல்24 இன்ஜின முன்னாடி வச்சிருந்தவர் கழட்டிட்டு 1982 280 இசட்எக்ஸ்ல இருந்த எல்28 போட்டிருக்கார், பிளாக்ல (சிலிண்டர் இருக்கற கீழ் பாகம்) எஃப்54னு இருக்கு, ஹெட்ல (அதுக்கு மேல மூடற, வால்வ் இருக்கற பாகம்) பி79னு இருக்கு, மேல பழைய ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர அப்படியே மாட்டிருக்கார். இப்ப ரேடியேட்டர்ல கூலன்ட் குறைஞ்சுகிட்டே வருது, காலைல ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச நேரம் வெள்ளப் புகை, ஆயில்ல தண்ணி கலக்கல. ஹெட் கேஸ்கெட்தான்னு நினைக்கிறேன்.

எப்படியும் ஹெட்ட இறக்கப் போறோம்ல, அப்ப நல்ல ஹெட்டாவே மாத்திடலாமேன்னு ஒரு ஆசை. பக்கத்து ஊர்ல ஒருத்தர் என்42 விக்கிறார். எல்24ல இருந்த இ88 ஹெட்டும் கராஜ்லயே கிடக்கு. பி79 மட்டமான ஹெட், எக்ஸாஸ்ட் போர்ட்டே சரியில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. இந்த மூணுல எதப் போட்டா ஓட்டறதுக்கு நல்லா இருக்கும்? ரேஸ் எல்லாம் இல்ல, வாரக் கடைசில மலப்பக்கம் ஓட்டுவேன் அவ்ளோதான்.

செயின்_டென்ஷனர்:
ஹெட் நம்பர விடுங்க ப்ரோ, முதல்ல உள்ள இருக்கற பிஸ்டன் எதுன்னு பாருங்க. 1981ல இருந்து 83 வரைக்கும் வந்த டர்போ இல்லாத எஃப்54ல ஃப்ளாட் டாப் பிஸ்டன், அதுக்கு முந்தின எல்28ல நடுவுல குழி விழுந்த டிஷ் பிஸ்டன். பிளக்கக் கழட்டி கேமரா விட்டாலே தெரிஞ்சிடும். கம்ப்ரஷன் எவ்ளோ வரும்ங்கறதே அதுலதான் இருக்கு.

பி79 சேம்பர், அதாவது ஹெட்ல கலவை எரியற குழி, கிட்டத்தட்ட 53.6 சிசி, என்42 44.6 சிசி. கம்பெனி ஃப்ளாட் டாப்போட பி79 போட்டு கம்ப்ரஷன் ரேஷியோ 8.8னு குடுத்தான். அதே பிஸ்டன் மேல என்42 உக்காந்தா 10 தாண்டிடும். 10ங்கறது பெரிய விஷயம் இல்லன்னு தோணும், ஆனா என்42 ஓப்பன் சேம்பர், பிஸ்டன் மேல வரும்போது கலவைய ஒரு பக்கமா நெருக்கித் தள்ற தட்டையான இடமே அதுல கிடையாது, அதனால நாக்கிங்குக்கு (கலவை தானாவே கண்டபடி வெடிச்சு இன்ஜின் தட்டறது) சீக்கிரம் இடம் குடுக்கும். பி79ல அந்த தட்டை இடம் இருக்கு. உங்க ஊர் வெயில்ல, பம்ப்ல கிடைக்கிற 91 ஆக்டேன் பெட்ரோல் போட்டு, ஏத்தத்துல ஃபுல் த்ராட்டில் குடுத்தா என்ன சத்தம் வரும்னு யோசிச்சுக்கோங்க.

பி79 எக்ஸாஸ்ட் போர்ட் உள்ள லைனர் இருக்கறது நிஜம்தான், வட்டமா இருக்கும். சூட்ட போர்ட்லயே வச்சு புகைய சுத்தமா எரிக்கணும்னு எமிஷனுக்காக வச்சது. அதனால பெரிய ஆர்பிஎம்ல கொஞ்சம் அடைக்கும், மலைப்பாதைல 5000க்குள்ள ஓட்டற ஆளுக்கு அது தெரியவே தெரியாது. வால்வ் சைஸ் என்42ல இருக்கற அதே இன்டேக் 44, எக்ஸாஸ்ட் 35 மிமீதான். உங்க 72 இ88ல இன்டேக் 42, எக்ஸாஸ்ட் 33, பெரிய இன்ஜினுக்கு சின்ன மூக்கு மாதிரி ஆயிடும். அதோட ஆரம்ப காலத்து ஹெட்ல பித்தளை வகை வால்வ் சீட் இருக்கும், லெட் இல்லாத பெட்ரோலுக்கு அத மாத்தணும், தனி செலவு.

என் முடிவு: பி79 வளையாம, வெடிப்பு இல்லாம இருந்தா அதையே ரெடி பண்ணிப் போடுங்க.

ஆறு_சிலிண்டர்:
செயின் அண்ணே சொல்ற கணக்கு சரி, ஆனா என்42ன்னாலே நாக்கிங்னு முடிவு பண்றத என்னால ஒத்துக்க முடியல. நான் கோலாலம்பூர்ல ஃப்ளாட் டாப் எல்28ல என்42 போட்டு ஓட்டறேன், ரோன் 97 ஆக்டேன் பெட்ரோல் மட்டும்தான் ஊத்துவேன். வால்வ அதிக நேரம் திறந்து வைக்கிற, கொஞ்சம் பெரிய டியூரேஷன் கேம் போட்டா இன்டேக் வால்வ் லேட்டா மூடும், நிஜமா அமுங்குற அழுத்தம் குறையும், அப்ப 10க்கு மேல இருந்தாலும் தாங்குது. டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் (பிளக் முன்கூட்டியே பொறி விடற அளவு) மொத்தம் 34 டிகிரிக்கு மேல போக விடக்கூடாது. சதுர எக்ஸாஸ்ட் போர்ட் வேணும், 6000 வரைக்கும் மூச்சு முட்டாம இழுக்கணும்னா என்42க்கு ஈடு இல்ல, சத்தமே வேற.

ஆனா ஸ்டாக் கேம், ஸ்டாக் டிஸ்ட்ரிபியூட்டர், ரெண்டையும் தொடப் போறதில்லன்னா அண்ணே சொன்னதையே கேளுங்க. ஹெட் மட்டும் மாத்திட்டு மத்தத விட்டா அரைகுறையாதான் இருக்கும்.

ஃபீனிக்ஸ்_இசட்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கேமரா விட்டுப் பார்த்தேன், ஃப்ளாட் டாப்தான். கேம் எல்லாம் மாத்தற ஐடியா இல்ல, அதனால என்42 காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். பி79ய இறக்கறேன். ஹெட்ட கழட்டும்போது டைமிங் செயின் உள்ள விழுந்தா முன் கவரையே கழட்டணும்னு படிச்சேன், பயமா இருக்கு, அத எப்படி சமாளிக்கிறது? மெஷின் ஷாப்ல என்ன சொல்லிக் குடுக்கணும்?

செயின்_டென்ஷனர்:
பயப்பட ஒண்ணும் இல்ல, வரிசையா செஞ்சா போதும். ஒண்ணாவது சிலிண்டர கம்ப்ரஷன் டிடிசிக்கு (கலவைய அமுக்கி பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) கொண்டு வாங்க. செயின்லயும் கேம் ஸ்ப்ராக்கெட்லயும் பெயின்ட்ல குறி போடுங்க. அப்புறம் கீழ பக்கம் கூம்பா சீவின மரக்கட்டைய செயினோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல மேல இருந்து இறக்கி இறுக்கமா உக்கார வைங்க, இது முடிஞ்சப்புறம்தான் ஸ்ப்ராக்கெட் போல்ட்ல கைய வைக்கணும். கட்டை இல்லேன்னா கீழ டென்ஷனர் பிஸ்டன் வெளில வந்துடும், அப்ப நீங்க சொன்ன மாதிரி முன் கவர் கழட்டற வேலதான். கட்டைல கயிறு கட்டி வைங்க, எடுக்க சுலபம்.

ஹெட் போல்ட் எல்லாம் 10 மிமீ ஆலன் கீ, தலைக்குள்ள இருக்கற ஆயில் அழுக்க சுத்தமா நோண்டி எடுத்துட்டு சாக்கெட்ட முழுசா இறக்குங்க, இல்லேன்னா வழுக்கிடும். ஓரத்துல இருந்து நடுவுக்கு லூஸ் பண்ணணும். எல்லாம் கழட்டியும் ஹெட் அசையலேன்னா நெம்பாதீங்க, முன்னாடி டைமிங் கவர்ல இறங்கற ரெண்டு சின்ன 6 மிமீ போல்ட் இன்னும் இருக்கும். இத மறந்து நெம்பி அலுமினியத்த ஒடச்சவங்க நிறைய பேர்.

ஷாப்ல: முதல்ல பிரஷர் டெஸ்ட், அப்புறம் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு ஃபீலர் கேஜ்ல பாக்கச் சொல்லுங்க. வளைவு 0.1 மிமீ தாண்டினாதான் சீவணும். பிளாக்கும் ஹெட்டும் சேத்து மொத்தமா 0.2 மிமீக்கு மேல சீவக்கூடாதுன்னு கம்பெனி மேனுவல்லயே இருக்கு, ஏன்னா ஹெட் கீழ இறங்க இறங்க செயின் லூஸாகி கேம் டைமிங் பின்னாடி போகும். அதத்தாண்டி சீவ வேண்டி வந்தா கேம் டவருக்கு (கேம் ஷாஃப்ட தாங்கற தூண்) அடில ஷிம் (மெல்லிசான தகடு) வைக்கணும். கேம் டவர்கள இடம் மாத்த விடாதீங்க, ஹெட்டோட சேத்து ஒரே நேர்கோட்டுல போர் பண்ணது, கலைஞ்சா கேம் பிடிச்சுக்கும். ராக்கர் ஆர்ம், லாஷ் பேட் எல்லாம் நம்பர் போட்ட டப்பால போட்டு அந்தந்த இடத்துக்கே திரும்ப வரணும்.

போடும்போது நடுவுல இருந்து ஓரத்துக்கு மூணு கட்டமா இறுக்குங்க, 29, 43, கடைசில 54ல இருந்து 61 ஃபுட் பவுண்ட். டேப்பெட் கேப் குளிர்ல இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மிமீ, சூட்டுல 0.25, 0.30. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4, வயர் மாட்டும்போது ஒரு தடவ சரி பாத்துக்கோங்க.

ஆறு_சிலிண்டர்:
ஒண்ணு சேத்துக்கறேன். இந்த இன்ஜின்ல இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கேஸ்கெட்டும் ஒண்ணேதான், ரெண்டு மேனிஃபோல்டையும் ஒரே கனமான வாஷர் சேத்துப் பிடிக்கும். ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய் தொகுப்பு) ஃப்ளாஞ்ச் கனமும் இன்டேக் ஃப்ளாஞ்ச் கனமும் வேற வேறயா இருந்தா வாஷர் சாஞ்சு ஒண்ணுதான் இறுகும், இன்னொண்ணு லீக். உங்க கார்ல 240 ஹெடர் இருக்கா, இல்ல 280 இசட்எக்ஸ் மேனிஃபோல்டா? 240 ஹெடரா இருந்தா அது சதுர போர்ட்டுக்கானது, உங்க ஹெட்டு வட்டம், கேஸ்கெட் ரெண்டையும் மூடுதான்னு கைல வச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

ஃபீனிக்ஸ்_இசட்:
240 ஹெடர்தான் அண்ணா. இன்டேக் ஃப்ளாஞ்ச விட அது மெல்லிசா இருக்கு, இப்பதான் காலிப்பர் வச்சேன், ஒரு பக்கம் வாஷர் சாஞ்சுதான் நிக்குது. அடிக்கடி டிக் டிக்னு ஒரு எக்ஸாஸ்ட் சத்தம் வந்துச்சே, காரணம் இதுவா இருக்குமோ?

ஆறு_சிலிண்டர்:
கண்டிப்பா இருக்கும். மெல்லிசா இருக்கற பக்கம் எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ, அந்த வாஷர்லயே ஒரு ஓரத்துல வெல்ட் ஏத்தி ஃபைல் பண்ணிடுங்க, இல்ல படி வச்ச வாஷரா லேத்ல கடைஞ்சு வாங்கிக்கோங்க. ஸ்டட் துருப்பிடிச்சிருந்தா ஹெட் ஷாப்ல இருக்கும்போதே எல்லாத்தையும் மாத்தச் சொல்லிடுங்க, கார்ல வச்சு ஒடஞ்ச ஸ்டட்ட எடுக்கறது பெரிய தலவலி.