எஸ்எஸ்டிக்குத் தமிழ்ச்சொல்: ‘திண்மநிலை’யா, ‘அசையா’வா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் வன்வட்டுக்கு (ஹார்டு டிஸ்க்) மாற்றாக வந்த சேமிப்புச் சாதனம் எஸ்எஸ்டி, அதாவது ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’. நம் கலைச்சொல் பட்டியலுக்கு இதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: திண்மநிலை வட்டு, திடநிலை இயக்ககம், சில்லகம். மூன்றையும் கொஞ்சம் உரசிப் பார்க்கிறேன்.

முதல் சொல்லில் இரண்டு கோளாறுகள். உள்ளே வட்டே கிடையாது. திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பச்சைப் பலகை, அதில் நாலைந்து கறுப்புச் சில்லுகள் (சிப்), மிச்சப் பெட்டி பெரும்பாலும் காலி. அடுத்தது திண்மம். கையில் எடுத்துப் பார்த்தால் பழைய வன்வட்டுதான் திண்ணென்று கனக்கிறது! ‘சாலிட் ஸ்டேட்’ என்பது, பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்த வெற்றிடக் குழாயான வால்வுக்கு எதிராக எழுந்த பெயர். வால்வில் வெற்றிடத்தின் வழியே பாய்ந்த எலக்ட்ரான், டிரான்சிஸ்டரில் திடப்பொருளுக்குள்ளேயே பாய்ந்தது. அந்தப் பெருமையைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் நெற்றியில் அச்சிட்டு விற்றார்கள். வால்வு ரேடியோவைக் கண்ணால் பார்த்திராத மாணவர் தலையில் அந்தப் பழைய வழக்கை ஏற்ற வேண்டியதில்லை. ‘திடநிலை’க்கும் இதே பதில்தான்.

சில்லகம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாழ்ப்பாண நண்பர் முந்தாநாள் ஒரே வரியில் அதைக் கவிழ்த்துவிட்டார்: “எங்களிடத்தில் சில்லு என்றால் சக்கரம். சைக்கிள் சில்லு என்போம்.” சுழலவே சுழலாத பொருளுக்குச் சக்கரத்தின் பெயரா?

ஆகவே வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இதை வாங்கிப் போட்டதால் தரவுத்தளம் பராமரிப்பவருக்கு என்ன மாறியது?

எங்கள் அலுவலகத்தில் எட்டு வன்வட்டுகள் கொண்ட ஒரு பெட்டியின் மேல் நாற்பது மெய்நிகர் கணினிகள் (மென்பொருளால் உருவாக்கிய கணினிகள்) ஓடின. காலை ஒன்பதரைக்கு எல்லோரும் ஒன்றாகத் துவக்குவார்கள். பாதிப் பேர் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். ஒவ்வொரு கணினியும் தன் கோப்பை ஓரளவு வரிசையாகத்தான் வாசிக்கிறது. நாற்பது வரிசைகள் ஒன்றோடொன்று கலந்தால் வட்டிடம் வந்து சேர்வது வெறும் சிதறல். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் வாசிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 4.2. அதற்கு முன் தலையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு எட்டு, ஒன்பது மில்லிநொடி. ஆக ஒரு வட்டால் நொடிக்கு எண்பது வாசிப்புகள் முடியும். எட்டு வட்டுகளைச் சேர்த்து நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பதினாறு. துவங்குவதற்குத் தேவையோ ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் ஒரு வாசிப்பு 0.1 மில்லிநொடி அளவில் முடிகிறது. மாற்றிய பிறகு தேநீர்க் கூட்டம் கலைந்துவிட்டது என்பதில் சிலருக்கு வருத்தம்.

தரவுத்தளத்தில் இன்னொரு வேடிக்கை. சிதறிக் கிடக்கும் தரவுப் பக்கத்தை எடுப்பது, வரிசையில் எடுப்பதைப் போல நான்கு மடங்கு செலவு என்றுதான் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தானாகக் கணக்குப் போடும். நாங்கள் தரவைப் புதிய பெட்டிக்கு மாற்றிவிட்டு அந்த 4-ஐத் தொடாமல் விட்டுவிட்டோம். அதுவோ, தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணைச் சுட்டியை (இன்டெக்ஸ்) ஒதுக்கிவிட்டு முழு அட்டவணையையும் மேய்ந்துகொண்டிருந்தது. 1.1 என்று மாற்றிய பிறகுதான் சுட்டியைத் தொட்டது. மைஎஸ்கியூஎல் 8.0 என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளிலும் இப்படியொரு மாற்றம் உண்டு. வட்டில் எழுதப் போகும்போது அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்து எழுதிவிடும் பழக்கம் அதற்கு இருந்தது. கை ஒரு நடையில் நாலு வேலை முடிக்கட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. கையே இல்லாதபோது எதற்கு என்று, கேட்டால் ஒழியச் செய்யாதபடி மாற்றிவிட்டார்கள்.

போனது அசைவுதான். என் முன்மொழிவு: அசையாச் சேமிப்பகம். ‘அசையாச் சொத்து’ பத்திரப்பதிவு அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்த தொடர். இல்லாததைச் சொல்லிப் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் ‘கம்பியில்லாத் தந்தி’யை நினைத்துக்கொள்ளுங்கள்.

* * *

மறுமொழி:

அசையாச் சொத்தை யாரும் எடுத்துப் போக முடியாது. “அசையாச் சேமிப்பகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்” என்று எழுதினால் வாசிப்பவர் சிரிப்பார். ‘சுழலாச் சேமிப்பகம்’ என்று வையுங்கள், சிக்கல் தீரும். ‘சில்லகம்’ சொல்லைக் கவிழ்த்த யாழ்ப்பாணத்துக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

* * *

மறுமொழிக்கு மறுமொழி:

சட்டைப்பைக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘சுழலா’வில் கை தப்பித்துவிடுகிறது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: சுழற்சிக்கு நான்கு மில்லிநொடி, கைக்கு எட்டு ஒன்பது. பெரிய குற்றவாளியை விட்டுவிட்டுச் சின்னவனை மட்டும் பெயரில் ஏற்றுவது நியாயமில்லை. பட்டியலில் ‘அசையா’வை முதலிலும் ‘சுழலா’வை அடுத்தும் எழுதிவைக்கிறேன், எது புழங்குகிறதோ அது நிற்கட்டும்.

அடுத்த சொல் காத்திருக்கிறது. எஸ்எஸ்டியில் எழுதியதன் மேலேயே திருத்தி எழுத முடியாது. பல பக்கங்கள் கொண்ட தொகுதியை மொத்தமாக அழித்தால்தான் இடம் கிடைக்கும். அதற்காக நல்ல பக்கங்களையும் வேறிடத்தில் படியெடுக்க நேர்வதால், நாம் கேட்டதைவிட அதிகமாக எழுதப்படுகிறது. இதற்கு ‘எழுத்துப் பெருக்கம்’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். எனக்கு அது அச்சகத்துச் சொல்லாகக் கேட்கிறது. ‘மிகையெழுதல்’ எப்படி?